இலைகளின் வருகைப் பதிவேடு

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை வண்டியில் மனைவி மரகதம் பெங்களூருக்குப் போனாள். மகள் வான்மதி வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வருவாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். ஏனென்றால் எதிர்வீட்டுப் பஷீர் பாய் லிஃப்டில் எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரே, அக்கா பெரிய பொட்டியாத் தூக்கிருக்குது" என்று கேட்டார். பெட்டி பெரிதாக இருந்தால் கோபம் என்று பொருளாகாது. உதாரணமாக, இன்று ரயில் நிலையத்தில் எங்களுடையதைவிடப் பெரிய பெட்டியோடு ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு நின்றது.

வண்டி கிளம்பும்போது மரகதம் ஜன்னல் வழியாகச் செடியைப் பற்றித்தான் பேசினாள். வரவேற்பறையில் அவள் வைத்திருக்கும் கலாத்தியா. ஒவ்வோர் இலையிலும் யாரோ கரும்பச்சை மையால் தூரிகை பழகியதுபோல் கோடுகள். இலையைத் திருப்பினால் கத்திரிக்காய் நிறம். பகலெல்லாம் கவிழ்ந்து கிடக்கும் இலைகள், பொழுது சாய்ந்தால் ஒவ்வொன்றாக எழுந்து, கும்பிடுவதுபோல் நேராக நின்றுவிடும். விடிந்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும். நடுவில் புதிதாக ஓர் இலை, சுருட்டிய பரீட்சைத் தாள் மாதிரி, விரியாமல் நிற்கிறது.

"ஏனுங்க, அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு டம்ளர் தண்ணி. அவ்வளவுதான்" என்றாள். "அந்தச் சுருள் விரிஞ்சதும் ஒரு போட்டோ அனுப்புங்க. அதைப் பார்த்துட்டு டிக்கெட் போட்டுக்கறேன்."

"பத்து நாளில் விரிந்துவிடும்" என்றேன்.

"விட்டா விரியும்" என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது.

முப்பத்தாறு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். பொறுமையை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஒரு வகுப்பை ஏற்றுக்கொண்டால் முதல் வேலை பெயர்ப்பட்டியல். பதினோரு இலைகள், ஒரு சுருள். சின்னச் சின்னத் தாள் துண்டுகளில் 1 முதல் 11 வரை எழுதி, செல்லோடேப்பால் ஒவ்வொரு காம்பிலும் சுற்றி ஒட்டினேன். காம்பும் இலையும் சேரும் இடத்தில் சற்றுத் தடித்த ஒரு கணு இருக்கிறது. அங்கே ஒட்டினால் எண் நழுவுவதில்லை. சுருளுக்கும் 12 கொடுத்தேன். புதிய சேர்க்கை என்று விட்டுவிட முடியாது. அதன் இடுப்பில் ஒரு சுற்று.

பழைய வருகைப் பதிவேடு ஒன்று பரணில் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வருகை; எழுந்து நின்றால் வந்ததாகக் கணக்கு. பதினொன்றுக்குப் பதினொன்று.

பிப்ரவரி 12, புதன்

வருகை 11. சுருள் விரியவில்லை. மரகதத்திடமிருந்து போன் இல்லை. அங்கே நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

நெட்வொர்க் சரியாகத்தான் இருக்கிறது. வான்மதி பேசினாள்.

"அப்பா, அம்மாவோட சாம்பாருக்கு மார்க் போட்டீங்களா?"

"எட்டு போட்டேன். எட்டு நல்ல மார்க்."

"ரெண்டு எதுக்குப் போச்சுன்னும் சொன்னீங்களாமா."

"சொல்லாமல் எப்படி? காரணம் சொல்லாமல் மார்க் குறைத்தால் அது அநியாயம். உப்பு ஒன்று. முருங்கைக்காய் சீரான அளவில் இல்லை, அது ஒன்று."

அவள் பேச்சை மாற்றினாள். "பிரிட்ஜ் மேல டைம் டேபிள் இன்னும் ஒட்டியிருக்குதாப்பா?"

ஒட்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டுக்கு நான் செய்தவை பல. சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். ஆறு மணிக்குக் காபி, ஆறரைக்கு நடை, ஏழு ஐந்துக்குக் குக்கர் என்று மரகதத்துக்கு ஒரு கால அட்டவணை எழுதிக் கொடுத்தேன். என்னிடம் எட்டு வாங்கிய பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இனிப்பு வாங்கித் தின்றிருக்கிறார்கள். இதையெல்லாம் வான்மதியிடம் சொன்னேன். "சரிங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

வருகை 11.

பிப்ரவரி 17, திங்கள்

இலைகளின் முனை பழுப்பாகிறது. காற்றில் ஈரம் போதவில்லை என்று பத்திரிகைத் துணுக்கு ஒன்றில் படித்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டேன். குடிப்பதற்கு வரும் சிறுவாணித் தண்ணீர் முழுவதையும் செடிக்கு ஒதுக்கிவிட்டு நான் போர்வெல் உப்புத் தண்ணீர் குடிக்கிறேன். நாலு நாளைக்கு ஒரு டம்ளர் என்பதைத் தினம் கால் டம்ளராகப் பிரித்துவிட்டேன். கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான்.

வேலைக்கு வரும் பழனியம்மாள் வியர்த்துக்கொண்டே வீடு துடைத்தாள். "சார், பேனைப் போடட்டுங்களா?"

"செடிக்கு ஆகாது."

"எனக்கு ஆகுமுங்க" என்றாள். பிறகு தானே, "செரி, செடி சொன்னாக் கேட்டுக்க வேண்டியதுதான்" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 20, வியாழன்

வீட்டிலேயே ஈரம் மிகுந்த இடம் குளியலறை. யோசித்தால் இது எவ்வளவு எளிது. ஒரு மாணவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்றால் கரும்பலகையைத் திட்டுவோமா? மாணவனை முன்வரிசைக்கு மாற்றுவோம். செடியைக் குளியலறைக்கு மாற்றினேன். ஷவர் தண்ணீர் தெறித்தால் இலை அழுகிவிடுமாம். ஆகவே அங்கே இனி நான் குளிப்பதில்லை.

துண்டும் சோப்புப் பெட்டியுமாகப் பஷீர் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வடவள்ளியில் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவர். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, உங்க மோட்டாரு ஓடலீங்களா?"

"மோட்டார் ஓடுகிறது. பாத்ரூமில் ஆள் இருக்கிறது."

"அக்கா வந்துட்டாங்களா?"

"செடி இருக்கிறது."

பாய் கதவை முழுதாகத் திறந்துவிட்டார். நல்ல மனிதர். வெந்நீர்ப் பிடி இடப்பக்கம் என்பதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

குளியலறையில் ஈரம் போதவில்லையோ என்று, குக்கரை அடுப்பில் ஏற்றி விசில் வரும் சமயம் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்கு அருகில் வைத்தேன். வேளைக்கு மூன்று விசில். பருப்பு குழைந்துவிட்டது. ஆனால் அறையெல்லாம் நல்ல புழுக்கம்.

ஆவியில் செல்லோடேப் எல்லாம் உரிந்து, எண்கள் மண்ணில் விழுந்து கிடந்தன. பெயரில்லாத வகுப்பு. பாயின் கடையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் வாங்கிவந்தேன். ஒயருக்குச் சுற்றுவது. தண்ணீர் பட்டாலும் விடாது, இழுத்தால் நன்றாகப் பிடிக்கும். பன்னிரண்டு பேருக்கும் புதிய எண் கட்டியாயிற்று. 4 உயரமானவன், அவனுக்கு மட்டும் எண் அடிக்கடி நழுவும். மூன்று சுற்று. 12க்கும் மூன்று.

பிப்ரவரி 25, செவ்வாய்

வருகை 10. நான்காம் எண் எழுந்திருக்கவில்லை.

பதிவேட்டில் முதன்முறையாக 'இல்லை' என்று குறித்தேன். எழுந்து நிற்காத பையனை உடனே கண்டிக்கக் கூடாது. வீட்டில் என்ன பிரச்சினையோ. அருகில் உட்கார்ந்து மெல்ல விசாரித்தேன். மற்றவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், அவன் மட்டும் தலை கவிழ்ந்து கிடந்தான்.

பிப்ரவரி 27, வியாழன்

வருகை 6. இது பரவும் வகை.

வெளிச்சம் தொந்தரவோ என்று வீடு முழுக்க விளக்கை அணைத்துவிட்டு, குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இருட்டில் யார் எழுந்தார்கள் என்று தெரியவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தால் எழுந்தவர்கள் வெளிச்சத்தைக் கண்டு படுத்துவிடுவார்களோ என்று பயம். அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். மரகதம் மாலையில் விளக்கைப் போட்டதும் வரவேற்பறையில் கேட்கும் அந்தச் சுவிட்ச் சத்தம் நினைவு வந்தது. அவள் இருந்தபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, இலைகளும் எழுந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அது பிப்ரவரி தொடக்கம். பருவம் வேறு.

மார்ச் 2, ஞாயிறு

செடியைச் சமையலறைக்கு, பிறகு பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், பிறகு படுக்கையறைக்கு, மறுபடி குளியலறைக்கு மாற்றினேன். வருகை 5.

பஷீர் பாய் வீட்டில் நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு நேரத்தில் அவர்கள் வீட்டுக் குளியலறையை நான் பிடித்துக்கொள்வது சரியில்லை என்று சொன்னேன். அவர் சாயங்காலம் நோன்புக் கஞ்சியை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரே, ஒரு செடிக்கு ஒரு ரூம் குடுத்துட்டு நீங்க வீடு வீடாக் குளிச்சுட்டுத் திரியறீங்க. எனக்கு நீங்க வர்றதுல ஒண்ணும் இல்லை. அக்கா எப்ப வர்றாங்க, அதைச் சொல்லுங்க."

"இலை விரிந்தால் வருவாள்."

"விரியலீன்னா?"

கஞ்சி நன்றாக இருந்தது. இஞ்சி கொஞ்சம் தூக்கல். ஒன்பது போடலாம்.

மார்ச் 4, செவ்வாய்

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

முப்பத்தாறு ஆண்டுகளில் எத்தனையோ காப்பியடித்தவர்களைப் பிடித்திருக்கிறேன். காலுறையில், கைக்குட்டையில், ஒருமுறை தோசைக்கு நடுவில். இன்று காலை நானே காப்பியடித்தேன். இருப்பதிலேயே இளசாக இருந்த இலையைப் பக்கவாட்டில் பிடித்து, சுருள் தெரியாதபடி போட்டோ எடுத்து, "விரிந்துவிட்டது" என்று மரகதத்துக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். இருபத்துமூன்று நாளில் முதல்முறை.

"ஏனுங்க, போட்டோவுல 9ன்னு எழுதிருக்குதுங்க."

போனைக் காதிலிருந்து எடுத்து நானும் பார்த்தேன்.

"அது என்ன நம்பரு?"

"வருகைப் பதிவுக்கு. அடையாளம் வேண்டாமா?"

"கறுப்பா என்னமோ சுத்தியிருக்குது."

"இன்சுலேஷன் டேப். செல்லோடேப் நிற்கவில்லை."

"சுருளுக்கும் நம்பர் போட்டிருக்கீங்களா?"

"பன்னிரண்டு."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"செரிங்க. சாப்பிட்டீங்களா?"

"பருப்பு."

"தெனமும் பருப்பா?"

"குக்கர் வைக்க வேண்டியிருக்கிறது."

"எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். எண்ணைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. கோபமில்லை என்பதற்கு இதுவே அடையாளம்.

மார்ச் 6, வியாழன்

சுருளைக் கையால் விரித்துவிடலாமா என்று ஸ்கேலை எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். பரணில் போட்டுவிட்டேன்.

மார்ச் 8, சனி

தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனபோது வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. பஷீர் பாய்தான் தொட்டியை மறுபடி குளியலறையில் கொண்டுவந்து வைத்தார். மருத்துவர் எலாஸ்டிக் கட்டுப் போட்டு அனுப்பினார். மணிக்கட்டு அசையாது. பேனா பிடிக்கவும் வரவில்லை. இது இடது கையால் எழுதுவது. எழுத்தழகுக்கு என்ன மார்க் கிடைக்கும் என்று எனக்கே தெரியும்.

வருகை 3.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பழனியம்மாள் வந்தாள். வழக்கம்போல் வணக்கம் சொன்னாள். பதிலுக்குக் கை குவிக்கப் பார்த்தேன், வலது கை பாதியில் நின்றுவிட்டது. அவள் என் கட்டைப் பார்த்தாள். பிறகு குளியலறையைக் கழுவப் போனாள். அங்கிருந்தே குரல் வந்தது.

"சார், இதுகளுக்கும் கை பிசகிருச்சுங்களா?"

"என்னது?"

"உங்களுக்குப் போட்ட கட்டு மாதிரியே இதுகளுக்கும் போட்டு வெச்சிருக்கீங்களே. இந்த நாலாம் நம்பருக்கு ரொம்ப இறுக்கமாப் போட்டிருக்கீங்க. எப்படிக் கும்பிடும்?"

போய்ப் பார்த்தேன். காம்பும் இலையும் சேரும் அந்தக் கணு. நான் எண் கட்டிய இடம். பக்கெட்டின்மேல் உட்கார்ந்து, கட்டுப்போட்ட என் கையையும் நான்காம் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். மணிக்கட்டு அதுதான். அது மடங்கித்தான் இலை எழுகிறது. பதினோரு பேருடைய மணிக்கட்டையும் கட்டிவைத்துவிட்டு, ஏன் எழுந்திருக்கவில்லை என்று இரண்டு வாரமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பழனியம்மாள் சுருளைக் காட்டினாள். "இதுக்கு வேற, இடுப்புலயே பெல்ட்டு."

அவள் பிடித்துக்கொள்ள, இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எண் 4 மஞ்சளடித்திருந்தது. 12ஐப் பிரித்தபோது டேப்போடு பச்சை கொஞ்சம் உரிந்து வந்தது. சுருளைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம்.

செடியை வரவேற்பறை ஜன்னலோரம், பழைய இடத்திலேயே வைத்தோம். மின்விசிறியைப் போடச் சொன்னேன். பழனியம்மாள் அதன் கீழே ஒரு நிமிடம் முகத்தைத் தூக்கி நின்றுவிட்டு வேலைக்குப் போனாள்.

மரகதம் அன்று எண்களைப் பற்றிக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தது ஏன் என்று இப்போது யோசிக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்குமா?

மார்ச் 10, திங்கள்

சாயங்காலம் சில இலைகள் எழுந்தன. யார் யார் என்று சொல்ல முடியவில்லை. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

என் வீட்டுக் குளியலறையில் நானே குளித்தேன். பஷீர் பாய் கதவைத் தட்டி, "இன்னிக்கு ஏன் வரலீங்க, ஒடம்புக்கு ஆகலியா?" என்று கேட்டார்.

மார்ச் 12, புதன்

மரகதத்துக்குப் போன் செய்தேன். சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டேன். "சொல்லுங்க" என்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் செடியைப் பற்றிச் சொன்னேன். டேப்பைப் பிரித்துவிட்டதாகச் சொன்னேன். நான்காவது இலை பிழைக்காது போலிருக்கிறது என்றும் சொன்னேன்.

"போகட்டுமுங்க. இலைன்னா ஒண்ணு ரெண்டு போகத்தான் செய்யும்" என்றாள்.

சாம்பாருக்கு வருவதற்குள் வான்மதியின் பையன் அழுதான். வைத்துவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

விரிந்துவிட்டது.

காலையில் காபி போட எழுந்தபோது பார்த்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பக்கம் போகவே இல்லை, நேற்று முழுக்கப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மற்ற இலைகளைவிட வெளிர்பச்சை, கோடுகள் ஈரம் காயாத மைபோல் இருந்தன. குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, டேப் இருந்த இடம். அதை மறைக்காமல் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

பதில்: "பார்த்தேன். ஞாயித்துக்கெழமை வர்றேன்."

மார்ச் 15, சனி

பிரிட்ஜ் மேலிருந்த கால அட்டவணையை எடுத்தேன். அதை எடுத்ததும் சமையலறை டப்பாக்கள் கண்ணில் பட்டன. கட்டுப் போட்ட கையோடு, நாற்பத்தொரு டப்பாக்களிலும் ஒட்டியிருந்த பெயர்களை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து உரித்தேன். மதியம் வரை ஆயிற்று.

பிறகு காபி போட்டேன். உப்பு. இரண்டாவது காபியில் கோலமாவு என்று நினைக்கிறேன். அந்தப் பெயர்கள் யாருக்காக ஒட்டப்பட்டிருந்தன என்பது இப்போது விளங்குகிறது. மூன்றாவது காபியைப் பஷீர் பாய் வீட்டில் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மரகதம் வந்தாள். ஸ்டேஷனில் பெட்டியை இடது கையால் தூக்கினேன். அன்றைக்குத் தெரிந்த அளவு கனமில்லை.

வீட்டுக்குள் வந்ததும் நேரே சமையலறைக்குப் போய், எதையும் திறந்து முகர்ந்து பார்க்காமல், மேல்தட்டில் மூன்றாவது டப்பாவிலிருந்து சர்க்கரையை எடுத்துக் காபி போட்டாள். டப்பாக்களில் பெயர் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டம்ளரோடு வந்து செடிக்கு முன்னால் நின்றாள்.

"டேப் சுற்றியதுதான் காரணம் என்று உனக்கு அன்றைக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"விடையை நானே சொல்லிக் குடுத்துட்டா மார்க்கு யாருக்குப் போடறது?" என்றாள். காபியை ஒரு வாய் குடித்தாள். புதிய இலையை ஒரு விரலால் தூக்கி, அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தாள். நான்காவது இலை இருந்த இடத்தையும் பார்த்தாள்.

"ஏழு" என்றாள். துணி மாற்றப் போய்விட்டாள்.

மதியம் சாம்பார் வைத்திருந்தாள். முருங்கைக்காய் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் விளக்கைப் போட்டாள். இலைகள் எழுந்தன. புதிய இலையும் கொஞ்சம் எழப் பார்த்தது.

ஏழு என்பது மோசமில்லை. பழுப்புக் கோட்டுக்கு ஒன்று போயிருக்கும், அது நியாயம். நான்காம் எண்ணுக்கு ஒன்று, அதுவும் நியாயம். மூன்றாவது எதற்கு என்று கேட்டிருக்கலாம். துணி மடித்துக்கொண்டு இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதுவதை நிமிர்ந்து பார்க்கிறாள், சிரிக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள்.